ஏதென்ஸ் ஊர்ப் பாட்டு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்றொரு பல்கலைக்கழக ஊர். அங்கே பழைய தேவாலயம் ஒன்றில் இளைஞர்கள் வாடகைக்குக் குடியிருந்தார்கள். 1980 ஏப்ரல் 5, அங்கே ஒரு பிறந்தநாள் விருந்து. அன்று முதன்முதலாக நாலு பேர் கூட்டத்தின் முன் சேர்ந்து வாசித்தார்கள். அவர்கள்தான் பின்னாளில் உலகமே கொண்டாடிய ஆர்.இ.எம். இசைக்குழு!

கிதார் வாசித்த பீட்டர் பக், ஊரில் இசைத்தட்டுக் கடை ஊழியர். பாடகர் மைக்கேல் ஸ்டைப் அங்கே தட்டு வாங்க வந்த மாணவர். ஒருவர் ரசனை இன்னொருவருக்குப் பிடித்துப்போனது. ரசிகர்களாகப் பழகியவர்கள்தான் கலைஞர்களானார்கள்; எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

இப்படிக் கூடி வாசிக்கும் ராத்திரி இரைச்சல் அண்டை வீட்டாருக்குத் தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர் தன் பிள்ளைகளுக்குக் கூடிப் பாட இடம் கொடுத்தது. அந்தத் தேவாலயத்தில் இன்று மிஞ்சியிருப்பது கோபுரம் மட்டும். இசைக்கலைஞர்களின் மனநலம் பேணும் ஓர் அமைப்பு அதைச் செப்பனிட்டிருக்கிறது.