ஒரு பெயர், இரு மரங்கள்

சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரம் போன்ற எல்லையூர்களில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுவன. அவ்வூர்களில் இன்று ‘செம்மரம்’ என்றால், திருப்பதியை அடுத்த சேஷாசலக் காடுகளில் விளையும் செஞ்சந்தனமே எவர் நினைவுக்கும் வரும். ஆனால், தமிழில் அதே பெயரைத் தாங்கிய வேறொரு காட்டு மரமும் உண்டு. தெலுங்கர் அதனைச் ‘சோமிட’ என்பர். அதன் பட்டை கசப்பும் துவர்ப்பும் உடையது. காய்ச்சலுக்கு மருந்தாக வழங்கி வந்தது.

பெயரை மட்டும் நம்பி மரத்தைத் தேடினால் மருந்து மாறிப்போகும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வகை இடர் புதிதன்று. ஒரு சொல் இரு பொருள் தருமிடத்து, பொருளையே நேரில் காட்டுவதன்றி வேறு வழியில்லை. அதனைச் செய்வது ஓவியம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்த வில்லியம் ராக்ஸ்பர்க், கோதாவரிப் பகுதியிலுள்ள சாமல்கோட்டையில் தோட்டம் அமைத்து, நம் நாட்டு ஓவியர்களைக் கொண்டு செடிகொடிகளை வரைவித்தார். அக்காலத்தில் முறைக்காய்ச்சலுக்குரிய சின்கோனாப் பட்டை தென்னமெரிக்காவிலிருந்து வரவேண்டியிருந்தது, விலையோ மிகுதி. அதற்கு ஈடாகச் சோமிடப் பட்டை உதவும் என அவர் நம்பினார். 1795இல் லண்டனில் வெளிவரத் தொடங்கிய அவரது சோழமண்டலக் கரைத் தாவர நூலில் இம்மரத்தின் படம் 17ஆம் தகடாக இடம்பெற்றது. எடின்பரோவிலும் அப்பட்டை ஆராயப்பெற்றது.

படத்தின் பயன் யாதெனில், ஐயம் தீர்வதே. செஞ்சந்தனத்தின் இலை பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள் கொண்டது, பூ மஞ்சள், காய் வட்டமாய், தட்டையாய், விளிம்பில் இறகுடையது. சோமிடவுக்கோ சிற்றிலைகள் இணை இணையாய் அமையும். பூ பசுமை கலந்த வெண்மை. கட்டைபோன்ற காய் ஐந்து பிளவாக வெடித்து, இறகுள்ள விதைகளை உதிர்க்கும். இவ்வேறுபாட்டைக் காட்டும் படத்தைக் கண்டவர் எம்மொழியினராயினும் மரத்தை மாற்றி அறியார்.

பின்னர் நிகழ்ந்தது வேறு. 1820இல் பிரெஞ்சு வேதியியலார் இருவர் சின்கோனாவிலிருந்து குவினைனைப் பிரித்தெடுத்தனர். சோமிடவில் அப்பொருள் இல்லை. அம்மரத்தின்மேல் வைத்த பெருநம்பிக்கை மங்கியது. ஆயினும் 1830இல் பிரெஞ்சுத் தாவரவியலார் ஒருவர் அம்மரத்துக்குத் தனிப்பேரினம் வகுத்தபோது, தெலுங்குச் சொல்லையே எடுத்துச் ‘சொய்மிடா’ எனப் பெயரிட்டார். நம் காட்டோரத்து மக்கள் வாய்ச்சொல் இன்று உலகெங்கும் அம்மரத்தின் அறிவியற்பெயர்!

மருந்தைப் பற்றிய நம்பிக்கை மாறியது, படம் மாறவில்லை. கண்டதைக் கண்டபடி வரைந்த கைக்கு அதுவே பெருமை. ஆனால் நூலில் ராக்ஸ்பர்க்கின் பெயர் விளங்குகிறது. வரைந்தவரின் பெயர் இல்லை. பின்னாளில் சென்னையில் ராபர்ட் வைட் தம் தாவரப் படங்களில் ரங்கய்யா, கோவிந்து என்னும் ஓவியர்களின் பெயர்களைப் பொறித்ததோடு, ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். சோமிடவை வரைந்தவருக்கு அப்பேறு கிட்டவில்லை.

ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நாம், நாட்டுமருந்துக் கடையில் நம்மூர்ப் பெயரைச் சொல்லி ஒரு பட்டையையோ வேரையோ கேட்கும் நாள் வரலாம். அப்போது பெயரோடு நின்றுவிடாமல், இலை எது, பூ எது, காய் எது என்று கேட்டறிவோமாக. பெயர் தெரியாத அவ்வோவியர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவே.