பேராசிரியருக்கும் பயிற்சி வேண்டுமா?



பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குப் பயிற்சி தேவையா என்பதே இன்று நாம் சிந்திக்கப் போகும் செய்தி. "பல்கலைக்கழகத்துக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நம் பிள்ளைகள் அங்கே போய்ச் சேருகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் படித்த மாணவன் ஒருவன் பொறியியல் படிக்கச் சென்றான். கணக்கில் கெட்டிக்காரன். முதல் விடுமுறைக்கு வந்தவன், "சார், எனக்கு மூளை போதாது. நின்று விடலாம் என்று பார்க்கிறேன்" என்றான். விசாரித்தோம். விரிவுரையாளர் திரையில் எழுத்துகளைக் காட்டி வேகமாகப் படித்துக்கொண்டே போவாராம். கேள்வி கேட்க இடமே இருப்பதில்லையாம். குறை முழுவதும் தன்னுடையது என்று பிள்ளை நினைத்துவிட்டான்.

ரப்பர்க் காட்டில் வேலை செய்த பெரியவர்களுக்கு ஒன்று தெரியும். புதிதாக வந்தவரிடம் உளியைக் கொடுத்து, நல்ல மரத்தில் உடனே இறக்கிவிட மாட்டார்கள். முதலில் கழிவு மரங்களில் பழக்குவார்கள். வெட்டு ஆழமானால் மரத்தில் காயம்படும்; பிறகு அந்தப் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும். மரத்துக்கே இவ்வளவு கவனம் என்றால், மாணவனுக்கு எவ்வளவு வேண்டும்!

தொடக்கப்பள்ளி ஆசிரியராக வர, நாம் பயிற்சிக் கல்லூரியில் படித்தோம். வகுப்பில் நின்று பாடம் நடத்திக் காட்டினோம். பல்கலைக்கழக விரிவுரையாளரோ பெரும்பாலும் தம் ஆராய்ச்சிப் பட்டத்தின் பலத்தில் வருகிறார். ஆராயக் கற்றவர் அவர். கற்பிக்கக் கற்றவர் என்று சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு தொழில்கள்.

இக்குறையைப் பல நாடுகள் உணர்ந்தன. பிரிட்டனில் ரான் டியரிங் தலைமையிலான குழு 1997இல், விரிவுரையாளர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைத்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 1996இல் இதற்கென ஒரு மையம் அமைத்தது. மலேசியாவில் உயர்கல்வித் தலைமைத்துவக் கழகம் 2008இல் தோன்றியது. நார்வேயில் 2019 முதல் குறைந்தது 200 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது விதி.

இதனால் பயன் உண்டா? கிப்ஸ், காஃபி என்னும் இருவர், 8 நாடுகளில் 22 பல்கலைக்கழகங்களில் ஆராய்ந்து, 2004இல் முடிவை வெளியிட்டனர். பயிற்சி பெற்றவர்கள் மாணவர் எப்படிக் கற்கிறார் என்பதில் அதிகக் கவனம் செலுத்தினார்கள். அவர்களிடம் படித்தவர்கள் மேலோட்டமாகப் படிப்பதும் குறைந்தது. பயிற்சி பெறாதவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை.

ஆனால் குறைகளும் உண்டு. இரண்டு மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கினால் மட்டும் பழக்கம் மாறிவிடாது. மருத்துவம், சட்டம், பொறியியல் எல்லாவற்றுக்கும் ஒரே பாடம் என்றால் அது யாருக்கும் முழுதாகப் பொருந்தாது. எல்லாவற்றிலும் பெரிய குறை மற்றொன்று. பதவி உயர்வு பெரிதும் ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்தே கிடைக்குமானால், நல்ல பாடம் நடத்த யார் நேரம் செலவிடுவார்? பயிற்சியில் கற்றதைத் துறைக்குத் திரும்பியதும் மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள்.

இதைச் சொல்லும்போது நம் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் ஒரே வகுப்புக்குப் பாடம் நடத்தக் கற்றோம். தோட்டப் பள்ளிக்கு வந்தால், ஓர் அறையில் இரண்டு வகுப்புகள்! அதைச் சமாளிக்க மூத்த ஆசிரியர்களே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆகவே பயிற்சி என்பது தொடக்கந்தான். பக்கத்தில் நின்று திருத்த அனுபவசாலி ஒருவர் வேண்டும். வேலையிலும் அது தொடர வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ "பாடம் புரியவில்லை" என்று சொன்னால், "ஒழுங்காகப் படி" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். விரிவுரையாளரை அவருடைய அறையில் சென்று சந்திக்கச் சொல்லுங்கள். நண்பர்களுடன் சேர்ந்து படிக்கச் சொல்லுங்கள். பருவ முடிவில் கற்பித்தலைப் பற்றிக் கருத்துக் கேட்டால், பயப்படாமல் உண்மையை எழுதச் சொல்லுங்கள்.

அந்த மாணவனிடமும் இதைத்தான் சொன்னோம். அவன் தயங்கித் தயங்கி அந்த அறைக் கதவைத் தட்டினான். விரிவுரையாளர் முகம் சுளிக்கவில்லை. உட்கார வைத்து விளக்கினாராம். ஓராண்டு தாமதமானாலும் படிப்பை முடித்தான். அவருக்கும் மனம் இருந்தது. வழிதான் யாரும் காட்டவில்லை.

கற்பிப்பவரும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். அவர் எவ்வளவு பெரிய பட்டம் பெற்றவராயினும் சரியே.