கேட்டவர் திரும்பி வரவேண்டும்

(உலக நோயாளர் நாளையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



பிப்ரவரி 11, தூய லூர்து அன்னையின் திருநாள். புனித இரண்டாம் யோவான் பவுல் 1992இல் அறிவித்தபடி, 1993 முதல் திருஅவை இந்நாளை உலக நோயாளர் நாளாகச் சிறப்பிக்கிறது. கோவிலுக்கு வரும் நோயாளர்களை முன்வரிசையில் அமர்த்தி, எண்ணெய் பூசி மன்றாடுகிறோம். நல்லது. ஆனால் கோவிலுக்கு வர முடியாதவர்கள் யார் யார்? நம் தெருவில் யாருக்கு என்ன நோய் என்பது நமக்கு எப்படித் தெரியும்? இந்த எளிய கேள்வியை இன்று சிந்திப்போம்.

மாற்கு நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் பர்த்திமேயு என்னும் பார்வையற்றவரைச் சந்திக்கிறோம். எரிகோ நகரின் வழியோரத்தில் அமர்ந்து பிச்சை எடுக்கிறார். இயேசு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் உரக்கக் கூப்பிடுகிறார். சுற்றியிருந்தவர்கள் அவரை அதட்டி வாயை மூடச் சொல்கிறார்கள். இயேசுவோ நிற்கிறார். அவரை அழைத்து வரச் சொல்லி, தம்மிடம் அவர் எதை எதிர்பார்க்கிறார் என்று கேட்கிறார்.

இது வியப்பான கேள்வி. அவருக்குப் பார்வை இல்லை என்பது பார்த்தவுடனே தெரியும். இருந்தும் ஆண்டவர் கேட்டார். அந்த மனிதரின் தேவையை அவரே தம் வாயால் சொல்லவேண்டும் என்று விரும்பினார். அவருக்காகப் பேச அங்கே ஒரு கூட்டமே இருந்தது. கூட்டத்தின் கருத்தை ஆண்டவர் கேட்கவில்லை. நின்றார், கேட்டார், கேட்டதைச் செய்தார். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்வோம்.

வீடு வீடாகச் சென்று நலம் கேட்டு எழுதும் கணக்கெடுப்பு நம் செங்கல்பட்டு மண்ணுக்குப் புதிதல்ல. நகரை அடுத்த திருமணியில், 1924இல் தொடங்கி லேடி வில்லிங்டன் பெயரைத் தாங்கி நடந்த தொழுநோய் இல்லத்தை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். 1955இல் மத்திய அரசு அதை ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. அதே காலத்தில் நாடெங்கும் தொடங்கிய தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு மூன்று தூண்கள்: கணக்கெடுத்தல், கற்பித்தல், சிகிச்சை அளித்தல். கணக்கெடுப்புக்கு முதலிடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. தொழுநோயின் தேமல் வலிக்காது, அரிக்காது. அந்த இடத்தில் உணர்ச்சியே இருக்காது. வலிக்காத நோய்க்கு யார் மருத்துவமனைக்கு வருவார்? தெரிந்தவர்களோ வெட்கத்தால் மறைத்தார்கள். ஆகவே பணியாளர்கள் சைக்கிளிலும் நடந்தும் ஊர் ஊராகப் போய், வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் பார்த்தார்கள்.

இன்னொன்றும் நம் பழைய மாவட்டத்தில் நடந்தது. திருவள்ளூர் 1997இல் தனி மாவட்டமாகப் பிரியுமுன் நம்மோடுதான் இருந்தது. அந்தப் பகுதி ஊர்களில் 1968இல் தொடங்கி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று அறிவதே நோக்கம். சுமார் 3,60,000 பேரை வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள். சிலருக்குத் தடுப்பூசி போட்டார்கள், சிலருக்கு மருந்தில்லாத ஊசி போட்டார்கள். பிறகு 15 ஆண்டுகள் அந்த ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய், எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதித்தார்கள்.

முடிவு ஏமாற்றம் தந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை. ஆனால் அந்தக் கசப்பான உண்மை உலகத்துக்கே பயன்பட்டது. குழந்தைகளைத் தாக்கும் கடுமையான காசநோயிலிருந்து காக்கும் என்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடுகிறோம். பெரியவர்களைப் பொறுத்தவரை, நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்துக் குணமாக்குவதை விட்டால் ஊசியை நம்பி உட்கார முடியாது என்று தெளிவாயிற்று. இந்தத் தெளிவை உலகுக்குக் கொடுத்தவர்கள் யார்? திண்ணையில் உட்கார்ந்து பதில் சொன்ன, கேட்டபோதெல்லாம் சளி கொடுத்த நம் ஊர் விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும்தான்.

இன்றும் நம் வாசலுக்கு ஆள் வருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நம் பகுதிப் பெண்களே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இவையும் தொழுநோய்த் தேமலைப் போல ஓசையில்லாமல் வருபவை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? "எல்லாரும் நல்லா இருக்கோம்மா" என்று நிலைப்படியிலேயே அனுப்பிவிடுகிறோம். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் அப்பாவின் இருமலைச் சொல்வதா என்று தயங்குகிறோம். மருமகள் வாயைத் திறக்குமுன் மாமியார் பதில் சொல்லிவிடுகிறார். மனைவியின் நலத்தைக் கணவர் சொல்கிறார். எரிகோவில் பர்த்திமேயுவை அதட்டிய கூட்டம் இன்று நம் வீட்டு வாசலில் நிற்கிறது.

சகோதர சகோதரிகளே, பதில் சொல்பவர்களை மட்டும் குறை சொன்னால் அது நேர்மையாகாது. கேட்டவர்களாகிய எங்கள் குற்றத்தையும் இன்று அறிக்கையிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் ஒரு குடும்பக் கணக்கெடுப்பு நடத்தினோம். அன்பியப் பொறுப்பாளர்கள் ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்ததும் வீடு வீடாகப் போனார்கள். திருமுழுக்கு, உறுதிபூசுதல் விவரங்களோடு நோய் விவரமும் கேட்டோம். படிவங்கள் சேர்ந்தன. குடும்பங்கள் எத்தனை, ஆட்கள் எத்தனை என்று கூட்டி ஆண்டறிக்கையில் அச்சிட்டோம். படிவங்களைக் கட்டி அலமாரியில் வைத்தோம்.

பிறகு மாமல்லபுரம் பக்கம் ஒரு வீட்டை மந்திரிக்கப் போனபோது, அந்த வீட்டு அம்மா சொன்னார்: "போன தபா வந்தப்பவே என் வூட்டுக்காரருக்கு இருமல்னு சொன்னேன் சாமி. எழுதிக்கினு போனாங்க. யாராச்சும் வருவாங்கன்னு இருந்தோம்." அவர் குரலில் கோபம் இல்லை. சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. கணவர் கல் வேலை செய்தவர்.

திரும்பி வந்து அலமாரியைத் திறந்து தேடினோம். அந்தப் படிவம் இருந்தது. தொழில் என்ற இடத்தில் சிற்ப வேலை. நோய் என்ற இடத்தில் இருமல், ஆறு மாதம். தெளிவான கையெழுத்து. கருங்கல்லை மெஷினில் அறுக்கும்போது கிளம்பும் தூள் நுரையீரலில் படிந்து அதைக் கெடுக்கும் என்பதும், அப்படிக் கெட்ட நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும் என்பதும் எவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியவை. அவருக்கு இருந்தது எந்த நோய் என்பது பரிசோதனையில் தெரிந்திருக்கும். அதற்கு அழைத்துப்போக ஓர் ஆள் தேவைப்பட்டார். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னார். நாங்கள் அதை எழுதிக்கொண்டோம். அதோடு சரி.

தாவீது அரசர் மக்களைக் கணக்கெடுத்ததைச் சாமுவேல் இரண்டாம் நூலின் கடைசி அதிகாரம் பாவமாகச் சொல்கிறது. அவர் எண்ணியது வாளேந்தும் வீரர்களை. தம் பலத்தைத் தெரிந்துகொள்ள. லூக்கா 15ஆம் அதிகாரத்து ஆயரும் எண்ணுகிறார். நூறு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று குறைகிறது என்று தெரிந்ததும், எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தேடப் போகிறார். ஆண்டறிக்கைக்காக எண்ணிய நாங்கள் தாவீதைப் போல எண்ணினோம். ஆண்டவரே, எங்களை மன்னியும்.

ஆகவே இத்தவக்காலத்தில் மறுபடியும் வருகிறோம். இம்முறை ஐந்தே கேள்விகள். இரண்டு வாரத்துக்கு மேல் யாருக்காவது இருமல் உண்டா, எந்த வேலை செய்கிறவருக்கு? உணர்ச்சியற்ற தேமல் உண்டா? இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ எடுத்த மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்களா, ஏன்? வெளியே வர முடியாமல் படுத்திருப்பவர் உண்டா? ஐந்தாவது: நீங்கள் மனம் விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை வீட்டுக்கு ஒருவரிடம் கேட்கமாட்டோம். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்போம். பெண்களிடம் பெண்களே கேட்பார்கள். எழுதியதை மேடையில் வாசிக்கமாட்டோம், வாட்ஸ்அப்பில் போடமாட்டோம்.

முக்கியமானது இதுதான். நோய் என்று ஒருவர் சொன்ன வீட்டுக்கு ஏழு நாளுக்குள் திரும்பி வருவோம். இருமலுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோய் என்று தெரிந்தால் சிகிச்சைக் காலம் முழுதும் சத்துணவுக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. தொழுநோய்க்குக் கூட்டு மருந்தும் இலவசம். தொடக்கத்திலேயே எடுத்தால் உறுப்புக் குறைபாடு வராமல் முழுதும் குணமாகலாம். வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளையோரும் உங்களோடு பஸ் ஏறி வருவார்கள். எங்களால் முடியாத ஒன்றைச் சொன்னீர்கள் என்றால், முடியவில்லை என்று சொல்லவாவது திரும்பி வருவோம். நாங்கள் வரவில்லை என்றால் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வாசலில் நிறுத்தி எங்களைக் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றுதான். மறைக்காமல் சொல்லுங்கள். அதட்டிய கூட்டத்துக்குப் பயந்து பர்த்திமேயு வாயை மூடியிருந்தால், இருட்டிலேயே இருந்திருப்பார்.

அந்த அம்மாவின் வீட்டுக்கும் போகிறோம். பட்டியலில் முதல் வீடு அதுதான்.

மன்றாடுவோமாக. வழியோரத்துக் குரல் கேட்டு நின்ற ஆண்டவரே, நிற்கவும் கேட்கவும் எங்களுக்குப் பொறுமை தாரும். கேட்டதை மறவாத மனம் தாரும். நோயை மறைத்து வாடுகிறவர்களுக்கு வாய் திறக்கும் துணிவைத் தாரும். நாங்கள் திரும்பிப் போகாததால் இழந்துபோன எங்கள் சகோதரருக்கு உம் இல்லத்தில் இளைப்பாற்றி தாரும். ஆமென்.