முனைவர் பட்டத்திற்குப் பின் நம் பிள்ளைகள்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

முனைவர் பட்டம் பெற்று வீடு திரும்பும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது, "வேலை எப்போது?" என்பதே. அறிவியல், பொறியியல் துறைகளில் அப்பட்டம் பெற்றோர், நிரந்தரப் பணிக்கு முன் வேறோர் ஆய்வகத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஊதியத்துடன் ஆய்வு செய்வது உலக வழக்கம். இதனைப் 'போஸ்ட்டாக்' என்பர். இது தற்காலிகப் பணிதான். ஆனால் வேலையின்மை அன்று. இதனை அறியாமல் நாம் நெருக்குவதால், பல்லாண்டு உழைத்த பிள்ளைகள் ஆய்வையே கைவிடுகின்றனர்.

நம் வேடந்தாங்கல் ஏரிக்குப் பறவை காண வருவோர் அறிந்த பெயர் டாக்டர் சாலிம் அலி. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் அவருக்கு அரசு விலங்கியல் நிறுவனத்தில் பணி கிட்டவில்லை. 1929இல் பெர்லின் சென்று பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்றார். 1930இல் திரும்பியபோது, பம்பாய் அருங்காட்சியகத்தில் அவர் வகித்த பணியிடமே நிதியின்மையால் நீக்கப்பட்டிருந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்தார். பின்னர், செலவை மட்டும் ஏற்றால் ஊதியமின்றிப் பறவைக் கணக்கெடுப்பு நடத்தித் தருவதாகச் சமஸ்தானங்களிடம் தாமே முன்வந்தார், ஐதராபாத் ஏற்றது. இத்தனை காலமும் துணைவியார் தெஹ்மினா உடன் நின்றார். வாய்ப்பை நாடி நாமே எழுத வேண்டும். குடும்பம் துணை நிற்க வேண்டும். இவ்விரண்டும் இன்றும் மாறவில்லை.

விளம்பரத்திற்காகக் காத்திருத்தல் கூடாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு ஓராண்டு முன்பே தேடத் தொடங்குதல் நலம். பேராசிரியரின் கட்டுரையைப் படித்து, தாம் செய்தது என்ன, அவரிடம் செய்ய விரும்புவது என்ன என்று ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் பயனில்லை. பதில் வராவிடில் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம்.

மத்திய அரசின் தேசிய முனைவர் மேலாய்வு நிதிக்கு வயது வரம்பு 35. பெண்களுக்கும் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் ஐந்தாண்டு தளர்வு உண்டு. ஜெர்மனியின் ஹம்போல்ட் நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். இரண்டிற்கும் நம்மை ஏற்கும் ஆய்வாளரின் இசைவை முதலில் பெற வேண்டும். ஆய்வுத் திட்டங்களில் ஆராய்ச்சி இணையாளராகச் சேர்வோருக்கு, 2023ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணைப்படி தொடக்க ஊதியம் மாதம் 58,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. அருகிலேயே கல்பாக்கத்திலும் சென்னைத் தரமணியிலும் பெயர்பெற்ற ஆய்வு நிறுவனங்கள் உள்ளன. வேலை தருவதாகக் கூறிப் பணம் கேட்போரை நம்பற்க.

ஜமாஅத்தாருக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு உதவும் நாம், பட்டம் முடித்துக் காத்திருக்கும் சில மாதங்களிலும் உடன் நிற்போம். ஆய்வகங்களில் பணிபுரியும் நம்மவர்கள், இளையோரின் விண்ணப்பங்களை ஒருமுறை படித்துத் திருத்திக் கொடுங்கள். பெற்றோர்களே, "வேலை எப்போது?" என்பதற்கு மாறாக, "யாருக்கு எழுதியிருக்கிறாய்?" என்று கேளுங்கள்.