குளக்கரை நீர்நாய்
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



போன கூட்டத்திலே ஓர் இளைஞர் எழுந்து, "குளத்தில் விட்ட மீன்குஞ்சுகளை இரவில் நீர்நாய் தின்றுவிடுகிறது, பொறி வைத்துக் கொன்றால் என்ன?" என்று கேட்டார். நேரம் போய்விட்டபடியால் அன்று எவரும் விடை கூறவில்லை. "சீவகாருண்யம்" என்ற ஒரு சொல்லைச் சொல்லி அவரை இருத்திவிடலாம். ஆனால், காசு போட்டுக் குஞ்சு வாங்கி விட்டவனுக்கு அது விடையாகாது.

முதலில் அந்தப் பிராணியை அறிவோம். பெயரில் நாய் இருந்தாலும் அது நாய்ச் சாதியன்று; சிங்களவரும் 'தியபல்லா', அதாவது தண்ணீர் நாய், என்றே அழைக்கின்றனர். இந்தியாவில் மூன்று இன நீர்நாய்கள் உண்டு. இலங்கையில் உள்ளது ஒன்றே. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரந்து வாழும் இனம் அது. குறுந்தொகையிலும் ஐங்குறுநூற்றிலும் வாளைமீன் பிடிக்கும் நீர்நாய் வருகிறதே என்று நம் தமிழாசிரியர்கள் கேட்பார்கள். அப்புலவர்கள் கண்டது வழுவழுப்பான உரோமமுடைய மற்றோர் இனமாக இருக்கலாம். காவிரியில் இன்றும் அவ்வினம் கூட்டமாகத் திரிகிறது. நம்முடையதோ பெரும்பாலும் தனித்து, இரவில் உலாவுவது. அதனாலேதான் குளத்தருகே பிறந்து வளர்ந்தவர்களிலும் பலர் அதைக் கண்ணால் கண்டதில்லை.

நீண்ட உடல், குறுங்கால்கள், விரல்களிடையே சவ்வு, அடியில் தடித்து நுனியில் ஒடுங்கும் வால். நீரில் மூழ்கும்போது காதையும் மூக்கையும் மூடிக்கொள்ளும். கலங்கிய நீரில் கண் உதவாவிடில், மீன் அசைவதை மீசை மயிர்களால் உணரும். திமிங்கிலத்துக்கு உள்ளது போன்ற கொழுப்புப் போர்வை அதற்கில்லை. அடர்ந்த உள்மயிரில் அகப்பட்ட காற்றே குளிரைத் தடுக்கிறது. ஆகையால் உடற்சூட்டைக் காக்க நாள்தோறும் நிறைய உண்ண வேண்டியிருக்கிறது. தாய் இரண்டு மூன்று குட்டிகளை ஈனும். வேடிக்கை என்னவென்றால், குட்டிகள் முதலில் தண்ணீருக்கு அஞ்சும். தாய்தான் அவற்றை இழுத்துக்கொண்டு இறங்கும். ஏறக்குறைய ஓராண்டு அவை தாயோடு திரியும்.

இனி வழக்கிற்கு வருவோம். மீன் தின்பது உண்மை. அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் நண்டும் தவளையும் அதன் உணவே. வயல் வரப்பைத் துளைத்து நீரை வடியவிடும் நண்டினால் படும் பாட்டைக் கமக்காரர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். மேலும் களவு செய்தது யார்? நீர்க்காகம் பகலில் விழுங்குகிறது. மீன்பிடிப் பூனை இரவில் வருகிறது. கரையிலுள்ள மேடான கல்லைப் பாருங்கள். செதிலும் நண்டோடும் கலந்த, மீன் நாற்றமுள்ள எச்சம் இருந்தால் அது நீர்நாய் விட்ட அடையாளம். இல்லையெனில், நாம் நிரபராதியைத் தூக்கிலிடப் போகிறோம்.

இன்னொரு செய்தியும் உண்டு. இங்கிலாந்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்து நீர்நாய்கள் திடீரெனக் குறைந்தன. விதைகளுக்கும் ஆடுகளுக்கும் பயன்படுத்திய டீல்ட்ரின் போன்ற நஞ்சுகள் ஆற்றில் கலந்து, மீனில் ஏறி, மீனைத் தின்ற நீர்நாயின் கொழுப்பில் சேர்ந்தன. அந்நஞ்சுகள் தடைசெய்யப்பட்ட பின் அவை மெல்லமெல்லத் திரும்பின. அந்நாட்டின் எல்லாக் கவுண்டிகளிலும் நீர்நாய் உண்டென்று 2011இல்தான் அறிவிக்க முடிந்தது. நம் குளத்திலும் வயல் மருந்து வடிகிறது. அதே குளத்து மீனை நாமும் உண்கிறோம். அருகிலுள்ள கிணற்று நீரை நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள். நீர்நாய் வராமற் போகும் நாளிலே, அக்குளத்து மீனை வீட்டுக்குக் கொண்டுவர நான் யோசிப்பேன்.

குஞ்சுகளின் காரியம் என்னவெனில், குளம் முழுவதையும் காக்க வேண்டியதில்லை. குஞ்சு வளர்க்கும் மூலையை மாத்திரம் கம்பி வலையால் அடைத்து, வலையின் அடியை மண்ணில் ஓரடி புதையுங்கள். அது தோண்டவும் வல்லது. மீன் கைப்பிடி அளவு வளர்ந்தபின் திறந்துவிடலாம். பிறகு ஒன்றிரண்டு போகும், போகட்டும். கரையோர நாணலை வெட்டாதிருந்தால் நல்லது.

வரும் ஞாயிறு விடியுமுன் நான் குளக்கட்டுக்குப் போகிறேன். வினா எழுப்பிய தம்பியும் வரட்டும். கல்லில் என்ன இருக்கிறதென்று இருவருமாகப் பார்ப்போம். கம்பி வலைச் செலவைப் பொருளாளரிடம் கேளுங்கள். அவர் இப்பொழுதே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.