எந்தத் தேர்வுக்குப் பணம் கட்டுவது?

(மாணவர் வழிகாட்டி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க என்னென்ன தேர்வு எழுத வேண்டும் என்பதைப் பேசச் சொன்னார்கள். முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகன் கணக்கில் புலி. பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தோம். எஸ்.ஏ.டி., ஏ.சி.டி., டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். என்று நான்கையும் எழுதட்டும், எது நன்றாக வருகிறதோ அதை அனுப்பலாம் என்றார்கள். நாங்களும் நான்குக்கும் பணம் கட்டினோம். பிறகுதான் தெரிந்தது, இவை நான்கும் ஒரே வேலைக்கான தேர்வுகள் அல்ல என்று!

எஸ்.ஏ.டி.யும் ஏ.சி.டி.யும் மாணவனின் படிப்புத் திறனைப் பார்ப்பவை. இரண்டில் ஒன்று போதும். டோஃபலும் ஐ.இ.எல்.டி.எஸ்.ஸும் வகுப்பில் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்வானா என்று மட்டும் பார்ப்பவை. அவற்றிலும் ஒன்று போதும்.

ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். எஸ்.ஏ.டி.யின் 1600 மதிப்பெண்ணில் 800 கணிதத்துக்கு. சரி பாதி. ஏ.சி.டி.யில் 2025 முதல் அறிவியல் விருப்பப் பகுதியாகிவிட்டது. ஆங்கிலம், கணிதம், வாசிப்பு மூன்றின் சராசரிதான் மொத்த மதிப்பெண். அதாவது கணிதத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான். கணிதத்தில் வலுவான நம் பிள்ளைக்கு எது லாபம்? அதுமட்டுமல்ல, ஏ.சி.டி.யில் நீண்ட பத்திகளைப் படித்துப் பல கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். வெளிநாடுகளில் 2023 முதல் கம்ப்யூட்டரில் நடக்கும் எஸ்.ஏ.டி.யில் பத்தி 150 வார்த்தைக்குள் முடிந்துவிடும், அதற்கு ஒரே கேள்வி. ஆனால் ஓர் எச்சரிக்கை. முதல் பாதியை எப்படிச் செய்கிறீர்களோ அதை வைத்துத்தான் இரண்டாம் பாதி வரும். முதலில் சறுக்கினால் பிறகு எளிய கேள்விகள் வரும், உயர்ந்த மதிப்பெண் எட்டாது.

கணிதத்திலும் ஆங்கிலம் காலை வாரும். "அட் லீஸ்ட்" என்றால் குறைந்தபட்சம் என்று தெரிந்தும் அவசரத்தில் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். எக்ஸைக் கண்டுபிடித்து அதையே குறித்துவிடுகிறார்கள், கேள்வியோ மூன்று எக்ஸ் எவ்வளவு என்பது! மாதிரித் தேர்வுகள் புளூபுக் செயலியில் இலவசம். கான் அகாடமியின் பாடங்களும் இலவசம். அவற்றைச் செய்து பார்க்காமல் எந்த மையத்துக்கும் பணம் கட்டாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால், எங்கே விண்ணப்பிக்கிறோம் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. எம்.ஐ.டி. (குரோம்பேட்டையில் இருப்பதல்ல, மாசசூசெட்ஸில் இருப்பது) 2022-இல் மீண்டும் கட்டாயமாக்கியது. ஹார்வர்டும் கால்டெக்கும் 2024-இல் அதே முடிவை அறிவித்தன. கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. அங்கே நம்மவர்கள் மதிப்பெண்ணை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த மாணவர்கள் தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணையே அனுப்பாமல் விட்டது தெரிந்தது. நம்மூர்ப் பள்ளியின் பெயரை அங்கே யார் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? பிள்ளைக்காகச் சாட்சி சொல்ல அந்த மதிப்பெண்தான் இருக்கிறது.

ஆங்கிலத் தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹார்வர்ட் இதைக் கேட்பதே இல்லை. ஆங்கில மீடியத்தில் படித்தவர்களுக்குப் பல இடங்களில் விலக்கு உண்டு. வீட்டிலிருந்தே எழுதும் டூயோலிங்கோ தேர்வைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன, எல்லாம் அல்ல. டோஃபல் 2026 ஜனவரியிலிருந்து 1 முதல் 6 வரையிலான புதிய அளவுக்கு மாறிவிட்டது, பழைய புத்தகங்களை நம்பாதீர்கள். டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டும் இரண்டு ஆண்டுகள்தான் செல்லும். என் தங்கை மகன் முதல் முறை இடம் கிடைக்காமல் மறுபடி விண்ணப்பித்தபோது அவனுடைய டோஃபல் காலாவதியாகியிருந்தது.

கடைசியாகப் பெயர். நம் வீடுகளில் முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறோம். தேர்வுக்குப் பதிவு செய்யும் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். இன்று வீட்டுக்குப் போனதும் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்.