நிழலுக்கும் கன்று வேணும்

இன்னைக்கு நாம பேசப்போறது கோகோவைப் பற்றி. சரியா சொன்னா, கோகோவுக்கு மேல குடை பிடிச்சு நிற்கிற மரங்களைப் பற்றி.

கோகோ, அமேசான் காட்டில் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்ந்து பழகின சிறு மரம். அதனால, பலவகை மரநிழலில் வளர்த்தா தோட்டம் காலத்துக்கும் நிலைக்கும்னு சொல்றாங்க. இது எவ்வளவு தூரம் உண்மை? பிரேசில்ல, பாஹியா மாநிலத்தோட தெற்குப் பகுதிக்குப் போய்ப் பார்ப்போம்.

அங்கே 1746-ல் கோகோ வந்தது. அட்லாண்டிக் காட்டின் புதரையும் சிறு மரங்களையும் வெட்டிட்டு, பெரிய மரங்களில் ஒரு பகுதியை விட்டுவைத்து, அடியில் கோகோ நட்டார்கள். இதுக்குப் பேர் கப்ரூகா. இதில் நன்மை நிறைய. உதிர்ந்த இலை மக்கி எருவாகுது. கோகோ பூவுக்கு மகரந்தம் சுமக்கிற கொசு மாதிரியான குட்டிப் பூச்சிகள் அந்த ஈரச் சருகில்தான் பெருகுது. பொன்னிறத் தலையுள்ள சிங்க டாமரின் குரங்குக்கும் இந்தத் தோட்டங்கள் வீடு.

1989-ல் ‘சூனியக்காரி துடைப்பம்’ என்ற பூஞ்சை நோய் பாஹியாவில் நுழைஞ்சது. எண்பதுகளின் நடுவில் சுமார் 4 லட்சம் டன்னாக இருந்த விளைச்சல், 2000 வாக்கில் 1 லட்சம் டன் அளவுக்கு விழுந்தது. பிழைக்க வழியில்லாம பலர் மரத்தை விற்றார்கள், நிலத்தை மேய்ச்சலுக்கு மாற்றினார்கள். கோகோ சோறு போடாத இடத்தில் நிழலும் நிற்காது.

அதில் தப்பிய தோட்டங்களில் இன்னொரு ஆபத்து சத்தமில்லாம நடக்குது. அண்ணாந்து பார்த்தா காடு மாதிரி இருக்கும். கீழே குனிஞ்சு பாருங்க, காட்டு மரக் கன்றுகள் ரொம்பக் குறைவு. ஒவ்வொரு களையெடுப்பிலும் அரிவாள் புல்லோட கன்றையும் சேர்த்து வெட்டிடுது. கிழ மரம் சாயும்போது அந்த இடத்துக்கு வர வாரிசு இல்லை. பல இடங்கள்ல அதை நிரப்புறது யார் தெரியுமா? நம்ம ஊர்ப் பலா! போர்த்துகீசியர் காலத்தில் கடல் கடந்து போனது. பழம் கிடைக்குதுன்னு விவசாயி அதை விட்டுவைக்கிறார். டாமரினும் ஆசையா சாப்பிடுது. ஆனா பலவகை மரம் நின்ற இடத்தில் நாலைந்து வகை மட்டும் மிஞ்சினா, அதைக் கலப்பு நிழல்னு எப்படிச் சொல்றது?

இதில் விவசாயியை மட்டும் குறை சொல்றது நியாயமில்லைன்னு நினைக்கிறேன். இன்னைக்கு விட்ட கன்று பெருமரமாக ஒரு தலைமுறை ஆகும். அட்லாண்டிக் காட்டைக் காக்க 2006-ல் வந்த சட்டம், காட்டு மரம் வெட்டுறதுக்குக் கடுமையான கட்டுப்பாடு வைக்குது. வளர்ந்த மரத்துக்கு அது அரண்தான். ஆனா ‘வளரவிட்டா பின்னால கை வைக்க முடியாதே’ன்னு நினைக்கிறவர் அதைக் கன்றிலேயே வெட்டிடுவாரே!

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. களையெடுக்கும் முன்னாடி நல்ல கன்றுகளுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நடணும். மரம் விழுந்த இடைவெளியில் காட்டு மரக் கன்று வைக்கணும். அந்தப் பராமரிப்புக்கான கூலி, கோகோ விலையில் வந்து சேரணும்.

அதனால இனிமே யாராவது ‘நிழலில் விளைந்த கோகோ’ன்னு சொன்னா, எத்தனை மரம் நிற்குதுன்னு மட்டும் கேட்காதீங்க. எத்தனை கன்று வளருதுன்னும் கேளுங்க.

அடுத்த பகுதியில் சந்திப்போம்.